நாளைக்கு எந்த வீடு, சகோதரி?

லூர்துமேரி சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து லைனில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். சண்டை போட்டால் அதற்கும் அடுத்த லைன். அதற்கு அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. ரயில்வே வொர்க் ஷாப்பில் பெட்டிகளுக்கு சீட் தைக்கிற இடத்தில் வேலை. ஒரு பக்கம் தையல் மெஷின்கள் கடகடக்கும், மறு பக்கம் தகரத்தைப் போட்டு அடிப்பார்கள். அங்கே மெதுவாகப் பேசுகிறவளுக்குக் கத்தரிக்கோல்கூடக் கை மாறி வராது.

பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் செகந்திராபாத் மேட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்தான். அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து பிட்டர் வேலைக்கு வந்தவர். புருஷன் சூசைமாணிக்கமும் அதே வொர்க் ஷாப். ஒருநாள் மத்தியானச் சங்கு ஊதும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வேலையை ரயில்வே அவளுக்குக் கொடுத்தது. முதல் நாள் போனபோது ஆம்பளைகள், "மேரம்மா, ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?" என்று நக்கலடித்தார்கள். பெர்த்துக்குப் போடுகிற ரெக்ஸினை அவள் இழுத்துப் பிடித்து அடித்த அடியில் ஆறே மாதத்தில் வாய் அடங்கிப்போனது. ஒற்றை மகன் சரத்தைப் படிக்க வைத்து பெங்களூர் வேலைக்கும் அனுப்பிவிட்டாள்.

அந்த சரத் செய்த காரியம்தான் ஒரு போன் வாங்கிக் கொடுத்தது. கூடவே பேஸ்புக்கில் 'மேட்டுகுடா மாதா அன்பியம்' என்று ஒரு பக்கமும் திறந்து கொடுத்தான். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் சொல்கிற கூட்டம். அக்டோபர் பிறந்தால் மாதா சுரூபம், அந்தச் சின்னச் சிலை, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று ஊர்வலமாக வரும். வந்த வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை, மாதா பாட்டு, கடைசியில் சுண்டல். ஜோலார்பேட்டையிலும் அரக்கோணத்திலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டுமே என்று லூர்துமேரி அதை லைவில் விடுவாள்.

லைவ் ஆரம்பிப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்தே தொடங்குவாள்.

"பாசமுள்ள சகோதர சகோதரிகளே! இன்னைக்கு மாதா வந்திருக்கிறது மேட்டுகுடா மூணாவது லைன், பம்ப் ஹவுஸுக்குப் பின்னாடி, நம்ம ஜெகநாதன் அண்ணன் வீடு! இதோ கேட்டு, இதோ வாசல்!"

ஊரில் இருக்கிற பெரியம்மாக்கள் அதைக் கேட்டு, "ஐயோ, ஜெகநாதன் வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிச்சிருக்கான்டி" என்று கமெண்ட் போடுவார்கள். லூர்துமேரிக்கு அது போதும்.

பக்கத்து வீட்டுக் கனகவல்லி இந்து. அதனால் என்ன, ஒரு நாள் ஜெபமாலையும் விடமாட்டாள். சுண்டலுக்குத்தான் வருகிறாள் என்று லூர்துமேரி சொல்வாள். "ஹவ், ஆமா, அதுக்குத்தான் வரேன். உன் தொண்டையைக் கேக்கவா வருவாங்க? உனக்குப் போன் எதுக்குடி, மொட்டை மாடியில நின்னு பேசு, அரக்கோணம் வரைக்கும் கேக்கும்" என்பாள் அவள்.

ரெஜினா வந்தது ஜூன் மாதம்.

சாயங்காலப் பூசை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். கோயிலில் விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

"கோயில் பூட்டப் போறாங்கம்மா. வீட்டுக்குப் போகலையா?"

"போகணும் ஆன்ட்டி."

"எங்க வீடு?"

அவள் குனிந்துகொண்டாள். லூர்துமேரி அவள் காலைப் பார்த்தாள். வெறுங்கால். வாசலில் விட்டிருப்பாள் என்று எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு ஜோடி கிடந்தது, அதுவும் லூர்துமேரியுடையது.

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "எழுந்திரு, ரசம் வச்சிருக்கேன்" என்றாள்.

கதை மெள்ள மெள்ள வந்தது. புருஷன் பேர் ஆல்வின். பாலாநகர் பக்கம் கம்பெனி கம்பெனியாகப் போய் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். வெளியே ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டான், வீட்டுக்குள் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவான். இரண்டு வருஷம் பொறுத்துவிட்டு ரெஜினா வெளியேறினாள். முதலில் நாச்சாரத்தில் ஒரு ஹாஸ்டல், அங்கேயே ஒரு தையல் கம்பெனியில் வேலை. கூட வேலை செய்த பெண்ணுக்குப் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டின போட்டோவை அவள் இன்ஸ்டாவில் போட்டாள். பின்னால் சுவரில் ஹாஸ்டல் பேர் எழுதியிருந்தது. மூன்றாம் நாள் ஆல்வின் கேட்டில் நின்றான்.

அடுத்து மாரெட்பள்ளியில் ஒரு சிநேகிதி அறை. அந்தச் சிநேகிதி ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டுவிட்டு ஆசையாக ஸ்டேட்டஸ் வைத்தாள். திரைக்கு நடுவே பக்கத்து ஸ்கூலின் கடிகாரம் தெரிந்தது. ஆல்வின் கதவை உடைப்பதுபோலத் தட்டினபோது ரெஜினா பின்படி வழியாக ஓடிவந்தாள். செருப்பு அறை வாசலிலேயே நின்றுவிட்டது.

"என் போட்டோ நான் போடறதே இல்லை ஆன்ட்டி. சுத்தி இருக்கிறவங்க போடறாங்க. நான் எங்கயோ ஓரத்துல இருப்பேன். அது போதும் அவனுக்கு."

"இங்க ஒரு பய உன் போட்டோ எடுக்கமாட்டான். எடுத்தா கையை உடைப்பேன்" என்றாள் லூர்துமேரி.

சொன்னபடி செய்தாள். சிம் மாறியது. வக்கீல் அம்மா ஒருவரைப் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். செப்டம்பரில் உத்தரவு வந்தது. ஆல்வின் அவள் இருக்கிற இடத்துக்கு வரக்கூடாது, போனில்கூடப் பேசக்கூடாது, மீறினால் கைது. காகிதத்தில் ரெஜினாவின் வீட்டு முகவரி இல்லாமல் வக்கீல் பார்த்துக்கொண்டார். ரெஜினா வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாள். அரிசி கழுவும்போது முணுமுணுவென்று பாட ஆரம்பித்தாள்.

ஒருநாள் அந்த முணுமுணுப்பு கொஞ்சம் வாய்விட்டு வந்தது. லூர்துமேரி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் அன்பியத்தில் மாதா பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தவள் அவள். பாடுவது என்று அவளாகச் சொல்லிக்கொண்டதுதான், கனகவல்லி அதற்கு வேறு பேர் வைத்திருந்தாள்.

"இந்த அக்டோபர்ல நீதான் பாடற."

"ஆன்ட்டி, லைவ்ல…"

"முகம் வராது. கடைசி வரிசையில முக்காடு போட்டு உட்காரு. நான் போனை மாதா பக்கம் திருப்பி வச்சிடறேன்."

அப்படித்தான் நடந்தது. முகம் ஒரு நாளும் வரவில்லை, விரல் நுனிகூட வரவில்லை. அதில் லூர்துமேரி கில்லாடி. பாட்டு மட்டும் வந்தது. 'யாரும்மா அந்தப் பாடற பொண்ணு, கண்ணுல தண்ணி வருது' என்று அரக்கோணத்திலிருந்து கமெண்ட் வந்தது. வீடியோ கைமாறிக் கைமாறிப் போய், பார்க்கிற ஆட்கள் பெருகினார்கள். லூர்துமேரிக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வாரம் முடிகிற நேரம். சாயங்காலம் வேலை விட்டு வந்து கேட்டைத் திறக்கப் போனவள், தாழ்ப்பாளில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குவதைப் பார்த்தாள். யாரோ கறிவேப்பிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று உள்ளே கொண்டுபோய்க் கொட்டினாள். ஒரு ஜோடி செருப்பு விழுந்தது. வார் அறுந்து தைத்த, நீலக் கலர் செருப்பு.

ரெஜினா தைத்துக்கொண்டிருந்த ஊசி அப்படியே நின்றது.

"என்னுது" என்றாள். 

பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இல்லை, போனில் ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் அவன் சொல்ல வேண்டியதை அந்தச் செருப்பு சொல்லிவிட்டது.

லூர்துமேரி அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எஸ்.ஐ. ஒரு பெண், ஸ்ரவந்தி என்று பேர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆல்வினை வரச் சொன்னார். வந்தான். ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரிக் குனிந்து நின்றான்.

"மேடம், நான் எதுக்கு அங்க போறேன்? அன்னைக்குச் சாயங்காலம் பாலாநகர்ல வேலை. இதோ பாருங்க என் ஸ்டேட்டஸ்" என்று போனை நீட்டினான். மெஷின் முன்னால் நின்று சிரிக்கிற போட்டோ. கீழே பாலாநகர் என்று ஊர், கூடவே அன்றைய நேரம். சரிபார்க்கலாம் என்றால், அவன் வேலைக்குக் கையெழுத்து வாங்குகிற கேட்டும் இல்லை, வரவைக் குறித்து வைக்கிற ஆளும் இல்லை.

அவன் போனபிறகு எஸ்.ஐ. அம்மா தெலுங்கில் சொன்னார்: "இவன் புளுகறான்னு எனக்கும் தெரியுதும்மா. பழைய போட்டோவைப் போட்டு எந்த ஊர் பேர் வேணும்னாலும் எழுதிக்கலாம். ஆனா செருப்பைக் காட்டிக் கேஸ் நிக்காது. அவன் உங்க வாசல்ல நிக்கற மாதிரி ஒரு வீடியோ குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா தன் இரண்டு சுடிதாரையும் பைக்குள் திணித்தாள்.

"எங்கடி போற?"

"விஜயவாடா. இல்லேன்னா வேற எங்கயாவது. இங்க இருந்தா உங்களுக்கும் ஆபத்து ஆன்ட்டி."

"யாரோ வாயை விட்டிருக்கா. அவளை ஒரு வழி பண்ணிட்டு வரேன். அதுவரைக்கும் அந்தப் பையைத் தொட்டே, பாத்துக்கோ."

லூர்துமேரிக்குச் சந்தேகமே இல்லை. இந்த லைனில் ஒரு விஷயம் வெளியே போகிறதென்றால் அது கனகவல்லி வாசல் வழியாகத்தான் போகும். நேரே போய்க் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"ஏண்டி கனகு! அந்தப் பொண்ணு இங்க இருக்கிறதை யார்கிட்ட சொன்ன?"

கனகவல்லி மூக்குக் கண்ணாடியோடு வெளியே வந்தாள். "நானா? நான் எங்கடி சொன்னேன்?"

"பால்காரன்கிட்ட சொல்லியிருப்ப. இஸ்திரிக்காரன்கிட்ட சொல்லியிருப்ப. உன் வாய் எனக்குத் தெரியாதா?"

"என் வாயா?" கனகவல்லி இடுப்பில் கை வைத்தாள். "உன் வாயை விடவா என் வாய் பெரிசு? தினம் தெருவுல நின்னு லைன் நம்பர், வீடு, வாசல், கேட்டு கலர் எல்லாம் ஊருக்கே அறிவிக்கிறது யாருடி? நானா, நீயா? இரு, காட்டறேன்."

உள்ளே போய்ப் போனைக் கொண்டுவந்தாள். மேட்டுகுடா மாதா அன்பியம். முதல் வீடியோவை ஓட்டினாள். 'பாசமுள்ள சகோதர சகோதரிகளே! இன்னைக்கு மாதா வந்திருக்கிறது…' லூர்துமேரியின் குரல் லூர்துமேரியின் முகத்திலேயே அடித்தது. வீடியோவுக்கு மேலே மேட்டுகுடா, செகந்திராபாத் என்று போனே தானாக ஊரை வேறு எழுதி வைத்திருந்தது.

"முகத்தைத்தான் மறைச்ச. பாட்டை மறைச்சியா? கட்டின புருஷனுக்குப் பொண்டாட்டி குரல் தெரியாதா?" என்றாள் கனகவல்லி. அவள் சத்தம் இப்போது இறங்கியிருந்தது. "இதையும் பாரு. நேத்தே கேக்கணும்னு நெனச்சேன். இந்த ஆளு யாரு?"

ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ஒரே பேர். 'மாதாவின் ஊழியன்.' ஒவ்வொரு நாளும் ஆமென் என்று ஒரு கும்பிடு. அதற்குக் கீழே ஒரு கேள்வி: 'நாளைக்கு எந்த வீடு, சகோதரி?'

ஒவ்வொரு நாளும் லூர்துமேரி பதில் போட்டிருந்தாள். விவரமாக. 'நாளை மூணாவது லைன் ஜெகநாதன் அண்ணன் வீடு சகோதரரே, பம்ப் ஹவுஸ் பின்னாடி, ஆறரைக்கு வந்திடுங்க, ஆண்டவர் ஆசீர்வதிப்பார்.'

லூர்துமேரி படியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. லைனில் இருக்கிறவர்கள் அப்படி ஒரு நாளைப் பார்த்ததே இல்லை.

ஆல்வின் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறான். இருட்டோரமாக நின்று, ஜெபம் முடிந்து முக்காடோடு போகிறவளின் பின்னாலேயே போய், எந்தக் கேட்டுக்குள் நுழைகிறாள் என்று பார்த்திருக்கிறான். அவன் அலையவே வேண்டியிருக்கவில்லை. வழி சொன்னவள் லூர்துமேரி. ஆசீர்வாதமும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். டிரம் மேலேயே உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி?"

"நான்தான்டி. நானே உன்னைக் காட்டிக் குடுத்தேன். அடி, திட்டு, என்ன வேணா பண்ணு."

ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எழுந்திருங்க, போன்ல அரிசி போயிடும்" என்றாள். டிரம்மைத் திறந்து போனை எடுத்துத் துடைத்து, அந்த ஊழியனின் கமெண்ட்டைப் பார்த்தாள். பேர் பக்கத்திலிருந்த படத்தை விரலால் பெரிதாக்கினாள். கண்ணாடிச் சட்டம் போட்ட மாதா படம். சாதாரணமாக எந்த வீட்டிலும் இருக்கிற படம்தான்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். லூர்துமேரிக்குப் பயமாக இருந்தது, பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று.

"இந்தக் கண்ணாடி ஓரத்துல விரிசல் பாருங்க ஆன்ட்டி. இது எங்க கல்யாணத்துக்கு என் அம்மா குடுத்த படம். அவன் என் மேல டிபன் பாக்ஸை வீசினப்போ இதுல பட்டு விரிஞ்சது. பாலாநகர் வீட்டுல ஃபிரிட்ஜுக்கு மேல இருக்கும்." அவள் போனை லூர்துமேரி பக்கம் திருப்பினாள். "வேற பேரை எழுதினவன், படத்தை மட்டும் சொந்த வீட்டுலயே எடுத்துட்டான். மடையன்."

லூர்துமேரி அந்த விரிசலைப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ பழையபடி சூடு ஏறியது.

"இப்பவே இந்தப் பேஜை மூடிடலாம். சரத்துக்குப் போன் போடறேன்."

"நக்கோ, வேணாம் ஆன்ட்டி." ரெஜினா பையைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள். "மூணு வீடு மாத்திட்டேன். நாலாவது வீட்டுலயும் யாராவது ஏதாவது போட்டோ போடுவாங்க. எத்தனை வீடு ஓடறது? எஸ்.ஐ. மேடம் ஒரு வீடியோதான கேட்டாங்க?"

"ஹவ்."

"நாமதான் தினம் வீடியோ எடுக்கறோமே."

லூர்துமேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோயிலில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த பெண்ணா இது என்று இருந்தது. ஆனாலும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டாள்: "யோசிச்சுத்தான் சொல்றியா? அவன் வாசல் வரைக்கும் வருவான்டி."

"வரட்டும். இந்தத் தடவை அவன் வரப் போறது எனக்குத் தெரியும்ல? இத்தனை நாள் தெரியாமத்தான ஓடினேன்."

எஸ்.ஐ. அம்மாவிடம் போய்ச் சொன்னார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவனை வரவழைங்கன்னு நான் சொல்லலை. ஆனா உங்க வீட்டுல ஜெபம் பண்ணக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு? என் ஆளுங்க ரெண்டு பேர் பக்தியா வந்து உட்காருவாங்க. நான் பம்ப் ஹவுஸ் பக்கத்துல டீ குடிச்சிட்டிருப்பேன். அந்தப் பொண்ணு மட்டும் முன்னால வரக் கூடாது."

ஆக, மறுநாள் லைவ் முடிந்ததும் வழக்கம்போலக் கேள்வி வந்தது. 'ஆமென். நாளைக்கு எந்த வீடு, சகோதரி?'

லூர்துமேரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'நாளை எங்கள் வீட்டில் சகோதரரே. இரண்டாவது லைன், பச்சைக் கேட்டு. ஆறரைக்கு. அவசியம் வரவும். ஆண்டவர் கவனித்துக்கொள்வார்.'

"கடைசி வரி அருமை" என்றாள் தோள் வழியாக எட்டிப் பார்த்த கனகவல்லி.

மறுநாள் மாதா வந்தாள். கூடம் நிறைந்தது. போனை லூர்துமேரி சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினாள். வழக்கமாக அது மாதாவைப் பார்க்கும். அன்றைக்கு மாதா எதைப் பார்க்கிறாளோ அதையே அதுவும் பார்த்தது. அதாவது திறந்த வாசலை. ரெஜினா சமையலறையில் உள்தாழ் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பெண் கான்ஸ்டபிள்கள் இருவரும் புடவை கட்டி முக்காடு போட்டு முன்வரிசையில் இருந்தார்கள். ஒருத்தி ஜெபமாலையைச் சிலுவை மேலே வரும்படி பிடித்திருந்தாள். கனகவல்லி அவள் காதில், "அதைத் திருப்பிப் பிடிம்மா, பாக்கறவங்க சிரிப்பாங்க. வாயை மட்டும் அசை. நான் எத்தனை வருஷமா அப்படித்தான் ஓட்டறேன்" என்றாள்.

ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் முதல் பத்து முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. லூர்துமேரி ஜெபத்தை நடத்திக்கொண்டே ஓரக்கண்ணால் கேட்டைப் பார்த்தாள். உள்ளங்கை வியர்வையில் மணிகள் வழுக்கின. அவன் மோப்பம் பிடித்துவிட்டானோ? வராமலே போய்விட்டால் நாளைக்கும் அதே பயம், அதற்கு மறுநாளும் அதே பயம்.

இரண்டு பத்து முடிந்ததும் அன்றைக்கு நடுவிலேயே ஒரு மாதா பாட்டு. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ரெஜினாவின் குரல் எழுந்தது. முதல் அடியில் லேசாக நடுங்கியது. இரண்டாவது அடியில் நேரானது.

பச்சைக் கேட்டின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

ஆல்வின் நேரே வாசற்படிக்கு வந்தான். கையில் ஹெல்மெட். கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினான். எல்லாம் முக்காடு போட்ட பொம்பளைகள் என்றதும் தைரியம் வந்துவிட்டது.

"ரெஜினா! வெளிய வா."

பாட்டு நிற்கவில்லை. லூர்துமேரி எழுந்து வாசலை அடைத்தபடி நின்றாள், ஆனால் போனுக்கு மறைக்காமல் ஒரு பக்கமாக.

"யாருப்பா நீ?"

"தெரியாதா சகோதரி? தினம் எனக்கு வழி சொல்றது நீங்கதான?" அவன் சிரித்தான். "நாச்சாரத்துல ஒளிஞ்சா, கண்டுபிடிச்சேன். மாரெட்பள்ளியில ஒளிஞ்சா, கண்டுபிடிச்சேன். இங்க கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை, நீங்களே விலாசம் எழுதிக் குடுத்தீங்க. செருப்பு கிடைச்சுதா? அவளை அனுப்புங்க. இல்லேன்னா நான் உள்ள வந்து இழுத்துட்டுப் போவேன்."

"கோர்ட்டு வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கே."

"கோர்ட்டு வந்து பாக்குதா? நான் இப்ப பாலாநகர்ல இருக்கேன். என் ஸ்டேட்டஸைப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. எஸ்.ஐ. ஸ்ரவந்தி கேட்டில் நின்றிருந்தார். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் போன். "இப்பத்தான் போட்டிருக்க. ஈவினிங் ஷிப்ட், பாலாநகர். போட்டோவுல நல்லா சிரிக்கிற."

ஆல்வின் திரும்பினான். திரும்பின பக்கம் எஸ்.ஐ., உள்பக்கம் முக்காட்டைத் தள்ளிவிட்டு எழுந்த இரண்டு பெண் போலீஸ். ஜெபமாலையைத் தலைகீழாகப் பிடித்தவள் இப்போது அவன் மணிக்கட்டைச் சரியாகத்தான் பிடித்திருந்தாள்.

"நான் சும்மா… ஜெபத்துக்கு வந்தேன் மேடம்."

"அப்படியா? அப்ப மாதாவைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போ" என்றாள் லூர்துமேரி, இடது கையால் சுரூபத்தைக் காட்டி. "பக்கத்துல போன் இருக்கு பாரு, அதையும் பாரு. லைவ் போயிட்டிருக்கு. அரக்கோணம், ஜோலார்பேட்டை, பெங்களூர், துபாய் எல்லாம் உன்னைப் பாத்துட்டிருக்கு. வழி நான்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். திரும்பிப் போற வழியை மேடம் சொல்லுவாங்க!"

அந்தச் சத்தம் நாலாவது லைனில் கேட்டதாக ஜெகநாதன் அண்ணன் பிற்பாடு சொன்னார்.

இவ்வளவுக்கும் நடுவே பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. ஆல்வின் கத்தினால் ரெஜினாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், மூச்சே வராது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவன் பேசின ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. கடைசி அடி வந்தபோது சமையலறைத் தாழ் திறந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவளாக வெளியே வந்து, மாதாவுக்கு முன்னால், போனுக்கு முன்னால் நின்று, முக்காடு இல்லாமல், வாசலில் பிடிபட்டு நின்றவனை நேராகப் பார்த்தபடி பாடி முடித்தாள்.

ஆல்வின்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினான். அவர்கள் அவனை ஜீப்புக்குக் கூட்டிப்போனார்கள்.

 லூர்துமேரி ஜீப் போன பக்கத்தையே பார்த்தபடி வாசலில் நின்றாள். கனகவல்லி எழுந்து அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னும் மூணு பத்து பாக்கி இருக்குடி லூர்து. ஆரம்பி. சுண்டல் ஆறுது."

கூடமே வெடித்துச் சிரித்தது. ரெஜினா சிரித்துக்கொண்டே அழுதாள். லூர்துமேரி மீதியை ஆரம்பித்தாள், அன்றைக்கு ஒரு தடவையாவது மெதுவாகச் சொல்லலாம் என்று பார்த்தாள், முடியவில்லை.

வீடியோ கோர்ட்டுக்குப் போனது. அவன் வாயாலேயே மூன்று வீட்டையும் சொல்லியிருந்தான், செருப்பையும் சொல்லியிருந்தான். நிற்கிற வாசல் மேட்டுகுடா என்று அந்த வீடியோவே சொன்னது, அதே நேரத்தில் அவன் ஸ்டேட்டஸ் பாலாநகர் என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினபோது அவன் வக்கீல் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாராம். ஜாமீன் கிடைக்கவில்லை.

அக்டோபர் கடைசி நாள். ரெஜினா புதிதாக வாங்கின சிவப்புச் செருப்பைக் கோயில் வாசலில் எல்லாருடைய செருப்புக்கும் நடுவில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முன்வரிசையில் நின்று மைக்கில் பாடினாள். அடுத்த வாரம் நாச்சாரத்தில் பழைய தையல் கம்பெனியிலேயே திரும்பவும் சேருகிறாள், சூப்பர்வைசராக.

லூர்துமேரியின் பக்கம் இப்போதும் இருக்கிறது. சரத்திடம் சொல்லித் தானாக ஊர் எழுதுகிறதை நிறுத்திவிட்டாள். லைவ் கிடையாது. மாதா அந்த வீட்டைவிட்டுக் கிளம்பி மறுநாள் ஆனபிறகுதான் வீடியோ ஏறும். கேட்டு, வாசல், லைன் நம்பர் ஒன்றும் இருக்காது. போட்டோவில் யாராவது ஓரத்தில் தெரிந்தால் அவர்களிடம் கேட்டுத்தான் போடுவாள். அரக்கோணத்துப் பெரியம்மாக்களுக்கு இதில் வருத்தம், புதுப் பெயின்ட் தெரிவதில்லையே என்று.

போன வாரம் புதிதாக யாரோ ஒருத்தர் கீழே எழுதியிருந்தார். உண்மையான பக்தராகவே இருக்கலாம். 'அருமை. அடுத்த ஜெபமாலை எந்த வீடு, சகோதரி?'

லூர்துமேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதில் தட்டினாள்.

'கோயிலுக்கு நேர்ல வாங்க. மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்றேன்.'